மூன்றாம் தரம்

இங்கே சுத்தியல் இல்லை.
ஒரு தரம், ரெண்டு தரம் என்று
தொண்டை கிழியக் கூவ ஆளும் இல்லை.
ஒரு கடிகாரம் மட்டும்
பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய உறைபெட்டி, முந்நூறு லிட்டர்,
மூடியில் ஒரு நசுங்கல்.
விற்பவர் தயாளன் நாயுடு, மெர்பேங்க்.
எனக்கு வேண்டும் அது.
சனிக்கிழமைக் கல்யாணங்களுக்கு
ஆயிரம் சமோசா மடிக்கிறவள்
பக்கத்து வீட்டு ஃப்ரிஜ்ஜில்
எத்தனை நாள் இடம் கேட்பது?

ஆயிரத்து எண்ணூற்றைம்பது ராண்ட் என்றேன்.
ஒன்பதே நொடி.
கடலோடி88 என்றொருவன்
ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றான்.
நான் இரண்டாயிரத்து ஏழு.
(முழு எண்ணில் கேட்காதே,
ஏழு ராண்டில் ஜெயிக்கலாம் என்பாள் ஷாமினி,
ஏலத்தில் மூன்று டிவி எடுத்து
மூன்றையும் லாபத்துக்குத் தள்ளிவிட்டவள்.)
ஒன்பது நொடி.
இரண்டாயிரத்து நூறு.

குளித்துவிட்டு வந்து கேட்டேன்,
மாவு பிசைந்த விரலோடு கேட்டேன்,
ஒன்பது நொடி.
கடலோடி போன சனிக்கிழமை பிறந்தவன்.
இதுவரை எதையும் வாங்காதவன்.
நல்லவன் என்றோ கெட்டவன் என்றோ
எவரும் ஒரு வரி எழுதாதவன்.
கடலையாவது பார்த்திருப்பானா?

செவ்வாய் இரவு, நான்காம் படி மின்வெட்டு.
எங்கள் ஃபீனிக்ஸில் விளக்கு எரிந்தது.
மெர்பேங்க் பத்து வரை இருட்டு;
அங்கே கோபுரத்து பேட்டரியையும்
எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்,
போனும் பிணம்தான் என்றாள்
அந்தத் தெருவில் குடியிருக்கும் ஷாமினியின் அக்கா.
சும்மா ஐம்பது ராண்ட் கூட்டிப் பார்த்தேன்.
ஒன்பது நொடி.
தொண்ணூறு நொடி.
தேநீரில் ஆடை படிந்தது.
பத்து மணி இரண்டு நிமிடத்துக்கு
வந்தான் கடலோடி,
மூச்சிரைக்க, நூறு ராண்ட் கூடுதலாக.

தன் கையே தனக்குதவி என்பது
இதுதானா, தயாளன்?

மின்வெட்டு அட்டவணையை
பஞ்சாங்கம் போல விரித்துப் பார்த்தேன்.
வியாழன் எட்டு முதல் பத்து,
மெர்பேங்க் மறுபடியும் இருட்டு.
ஏலம் முடிவது எட்டு நாற்பது.

ஏழு ஐம்பதுக்கு
மூவாயிரத்துத் தொள்ளாயிரம் என்றேன், வயிறு கலங்க.
அவன் விட்டிருந்தால் என் கதி என்ன?
விடவில்லை. நாலாயிரம் என்றான்.
எட்டு மணிக்கு அவன் தெரு அணைந்தது.
நாற்பது நிமிடம்
என் கை என் மடியிலேயே இருந்தது.
கடலோடி ஜெயித்தான்,
தன் பெட்டியைத் தானே வாங்கி
தளத்துக்குத் தரகும் அழுது.

காலையில் கடிதம்:
வாங்கினவர் பின்வாங்கிவிட்டார் அக்கா,
நீங்கள் கேட்ட மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கே தருகிறேன்.
நான் எழுதினேன்:
ஆயிரத்து எண்ணூற்றைம்பது.
கரண்ட் இருக்கும்போதே
கடலோடியிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள்.

மத்தியானத்துக்குள் சரி என்றான்.
வேனில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தான்.
நாற்பது வயசிருக்கும், சட்டையில் பெயின்ட் கறை.
என் முகத்தைப் பார்க்கவில்லை.
நசுங்கலைத் தடவி,
இது முன்னமே இருந்தது என்றான்.
அதில் பொய் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஞாயிறன்று என் பழைய தையல் எந்திரத்தைப்
படமெடுத்துப் போட்டேன்.
நல்ல எந்திரம், ஆயிரத்துக்குக் குறையாது.
பைன்டவுனிலிருந்து ஒருத்தி முந்நூறு என்றாள்.
முந்நூற்று ஏழு, சரியாகச் சொன்னால்.
அப்புறம் எவருமில்லை.
கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது.
மேசையில் மகனின் போன்,
திரை திறந்தபடி,
புதுப் பேர் ஒன்று கேட்டுக் காத்திருக்கிறது.

ஒரு தரம்.

ரெண்டு தரம்.